கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஃப்ரீமேசன் ஆக முடியுமா?

"திறந்த மனம் என்கிறார்கள், நாத்திகரை மட்டும் சேர்ப்பதில்லையே, இது முரண் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஃப்ரீமேசன்கள் என்போர் சடங்குகளும் உறுதிமொழியும் கொண்ட ஒரு சகோதரத்துவ அமைப்பினர்; அவர்களது உள்ளூர்க் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். பதில், அது எந்த மரபு லாட்ஜ் என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்து லாட்ஜுகளின் தலைமை அமைப்பான ஐக்கிய கிராண்ட் லாட்ஜின் மரபில் பரம்பொருள் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை கட்டாயம். எந்த மதத்தின் வழியாக நம்புகிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். சடங்குகளில் 'பிரபஞ்சத்தின் மகா சிற்பி' என்ற பொதுப்பெயர்தான். அதில் ஒருவர் சிவனை நினைக்கலாம், இன்னொருவர் அல்லாஹ்வை. உறுதிமொழியும் அவரவர் மறைநூலின் மீதுதான்.

லாட்ஜுக்குள் மத, அரசியல் விவாதங்களுக்குத் தடை உண்டு. பேச்சுரிமையைப் பறிப்பதுபோலத் தோன்றலாம். எனக்கோ அவர்களது விதிகளிலேயே நுட்பமானது இதுதான். 1723-இல் ஃப்ரீமேசன்களின் விதிநூல் வெளியானபோது, முந்தைய நூற்றாண்டில் மதமும் அரசியலும் சேர்ந்து மூட்டிய உள்நாட்டுப் போரின் வடு இங்கிலாந்தில் ஆறியிருக்கவில்லை. எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் அறத்தைப் பொதுவில் வைத்து, தனிக் கருத்துகளை அவரவரிடமே விட்டது அந்நூல். அதே நூல்தான் நாத்திகரை விலக்கவும் செய்தது. கடவுளுக்கு அஞ்சாதவர் செய்யும் சத்தியத்தை எப்படி நம்புவது என்பது அக்காலத்தில் பரவலான எண்ணம்.

பிரான்சில் நிலைமை வேறு. அங்குள்ள தலைமை அமைப்புகளில் ஒன்றான கிராண்ட் ஓரியண்ட் 1877-இல் கடவுள் நம்பிக்கை என்ற நிபந்தனையை நீக்கி, மனச்சாட்சியின் முழுச் சுதந்திரத்தை முன்வைத்தது. ஆங்கில மரபு அதன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அந்தப் பிளவு இன்றும் தொடர்கிறது.

ஆகவே, நீங்கள் நாத்திகர் என்றால் ஒப்புக்கு 'நம்புகிறேன்' என்று சொல்லி நுழையாதீர்கள். நேர்மையை அடித்தளமாகக் கொண்ட இடத்தில் முதல் வார்த்தையே பொய்யாகிவிடும். பிரெஞ்சு மரபு லாட்ஜைத் தேடுங்கள்.