கோயில் தமிழ் வகுப்பும் வாசிப்பும்: எந்த ஆய்வு வடிவம் பொருந்தும்?

மொரீஷியஸில் ரோஸ்ஹில் பக்கத்திலிருந்து ஒரு தமிழாசிரியை கேட்கிறார்: "சனிக்கிழமை கோயில் தமிழ் வகுப்புக்குப் போகும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக வாசிக்கிறார்கள். இதையே பட்டப்படிப்பு ஆய்வாக எடுத்திருக்கிறேன். ஆய்வு வடிவம் என்ன என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். கையில் ஐந்து மாதம்தான். எதை எழுதுவது?"

வடிவத்தின் பெயரை அப்புறம் பார்ப்போம். எந்தப் பிள்ளை வகுப்புக்குப் போவது என்று முடிவு செய்தது யார்? நீங்கள் இல்லை, பெற்றோர். சனிக்கிழமையும் பிள்ளையைக் கிளப்பிக் கோயிலுக்கு அனுப்பும் வீட்டில், தேவாரம் சொல்லித்தரும் பாட்டி ஒருவர் இருக்கலாம். அனுப்பாத வீட்டில் தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலை மட்டுமே பேசக்கூடும். அப்படியானால் மதிப்பெண் கூடியது வகுப்பாலா, பாட்டியாலா? இப்படி ஏற்கெனவே பிரிந்து நிற்கும் இரண்டு குழுக்களை ஒப்பிடுவதைத்தான் காரண ஒப்பீட்டு ஆய்வு என்கிறார்கள். காரணத்தை நிறுவும் பலம் அதற்குக் குறைவு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எத்தனை பேர் போகிறார்கள், சராசரி மதிப்பெண் என்ன என்று மட்டும் சொன்னால் அது விவரண ஆய்வு. வகுப்புக்குப் போன நாட்கள் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடுகிறதா என்று பார்த்தால் ஒட்டுறவு ஆய்வு. யார் போவது என்பதைக் குலுக்கல் போட்டு நீங்களே தீர்மானித்தால்தான் அது முழுச் சோதனை. கோயில் வகுப்பில் அது நடக்காது, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

"போகிற பிள்ளைகளுக்கே முன்னும் பின்னும் தேர்வு வைத்தால் போதாதா?" என்று தோன்றும். நம் தீவிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1987-இல் ரேஷன் சமையல் எண்ணெயை அரசு பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992-இல் மக்களின் இரத்தத்தில் சராசரி கொலஸ்ட்ரால் (கொழுப்பு) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. பெரிய மாற்றம்தான். ஆனால் அதே ஆண்டுகளில் உணவு, உடற்பயிற்சி பற்றிய பிரசாரமும் நடந்தது. ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. எண்ணெயின் பங்கு எவ்வளவு, பிரசாரத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. உங்கள் பிள்ளைகளும் ஐந்து மாதத்தில் பள்ளியிலும் படித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

வகுப்பறையை மாற்றும் உரிமை உங்களுக்கு இருந்தால் அரைச் சோதனை செய்யலாம். ஒரு வகுப்பில் தினமும் உரக்க வாசிக்க வையுங்கள், இன்னொன்று வழக்கம்போல நடக்கட்டும். இரண்டுக்கும் முன்தேர்வும் பின்தேர்வும் வைத்து, யார் எவ்வளவு கூடினார்கள் என்று ஒப்பிடுங்கள். குலுக்கல் இல்லாமல், இருக்கிற வகுப்புகளை அப்படியே எடுத்துக்கொள்வதால் அது 'அரை'. ஆனால் அப்போது கேள்வியே மாறிவிடும், கோயில் வகுப்பு அதில் இருக்காது.

உங்கள் கேள்வி நல்ல கேள்வி, அதை விடாதீர்கள். காரண ஒப்பீடே போதும். தலைப்பில் 'தாக்கம்' என்று எழுதாமல் 'தொடர்பு' என்று எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டு மொழி, தாத்தா பாட்டி உடன் இருக்கிறார்களா, போன வருடத் தமிழ் மதிப்பெண் மூன்றையும் கேட்டுக் குறித்துவிட்டு, போன வருடம் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கியவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிடுங்கள். எத்தனை சனிக்கிழமை வந்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள், கோயில் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். வாசிப்புத் தேர்வை, யார் கோயிலுக்குப் போகிறவர் என்று தெரியாத வேறொரு ஆசிரியர் நடத்தி மதிப்பெண் போடட்டும்.