மதுரை போனதும் வெளுக்கும் குன்னூர் சாக்லேட்

மதுரைக்கு அனுப்பிய சாக்லேட்டில் படிந்த வெளுப்பு பூஞ்சையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது பூஞ்சை அல்ல. பயந்து மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள். குன்னூரில் பளபளவென்று இருந்தது மதுரைக் கடையில் பிரித்தபோது சாம்பல் பூத்திருந்தது என்றால், பெரும்பாலும் உள்ளிருக்கும் கொழுப்பு இளகி மேலே வந்து மீண்டும் உறைந்திருக்கிறது.

வழியில் பட்ட வெயில் ஒரு காரணம். ஆனால் "விலை ஏறியதால் பாதிக்குப் பாதி காம்பவுண்டு சேர்க்கிறேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். காம்பவுண்டு என்பது கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த மலிவான சாக்லேட் மாற்று. 2024-இல் ஐவரி கோஸ்ட், கானா விளைச்சல் சரிந்து கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. உங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு அது பேரடி. என்றாலும் காம்பவுண்டில் உள்ள செம்பனைக் கொட்டை எண்ணெய் கொக்கோ வெண்ணெயோடு ஒத்துப்போகாது. கலவை இளகும், சீக்கிரம் வெளுக்கும்.

வெளுத்த துண்டை விரலால் தேயுங்கள். மெழுகுபோல் வழுக்கி மறைந்தால் கொழுப்பு. நறநறத்தால் சர்க்கரை; ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்த ஈரத்தில் கரைந்து மேலே படிந்திருக்கிறது.

கொழுப்பு என்றால், ஒரு கிலோ டார்க் சாக்லேட்டைக் கலப்பில்லாமல் செய்து பாருங்கள்: 45 டிகிரியில் உருக்கி, 28-க்கு ஆறவைத்து, 31-க்கு ஏற்றி அச்சில் ஊற்றுங்கள். பாதியை வீட்டில் வைத்து, பாதியை அதே பஸ்ஸில் அனுப்புங்கள். வீட்டில் இருப்பதும் வெளுத்தால் உருக்கி ஆறவைத்த பதம் தவறு. போனது மட்டும் வெளுத்தால் வெயில். இரண்டுமே வெளுக்காவிட்டால் என் சந்தேகம் காம்பவுண்டு மேல்தான்.

இன்னொன்று, கொக்கோ வெண்ணெய் தவிர வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி அது சாக்லேட் அல்ல. லேபிளை உடனே மாற்றுங்கள். பழம் வைத்த துண்டுகளில் பஞ்சுபோல் முளைத்திருந்தாலோ வாடை அடித்தாலோ தயங்காமல் எறிந்துவிடுங்கள்.