எத்தனையாம் பிள்ளை?

அன்புள்ள ஐயா,
வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். நுண்கடன் வாங்கிய பெண்களிடம் வினாக்கொத்துக் கொடுத்தேன். 'சற்றும் உடன்படவில்லை' 1, 'முற்றாக உடன்படுகிறேன்' 5. மேற்பார்வையாளர், இது வரிசைத் தரவு, இடை (சராசரி) எடுக்காதே, இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) எடு என்கிறார். முந்திய ஆய்வுகளில் எல்லாம் 3.46, 3.82 என்று இடைதான் இருக்கிறது. எது சரி? எந்தச் சோதனை செய்வது?
ஒரு வாசகி, வாழைச்சேனை

அன்பின் மகள்,

சோதனையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குழுவை ஒப்பிடுவதென்றால் மான்-விட்னி சோதனை, அதைவிடக் கூட என்றால் குருஸ்கல்-வாலிஸ், இரண்டும் வரிசையை வைத்தே பார்ப்பவை. முந்தின வருடத்து ஆட்கள் செய்தார்கள் என்பதெல்லாம் ஒரு நியாயமா? பல்கலைக்கழகம் வரை வந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

போன கிழமைதான் பக்கத்து வீட்டுப் பொடியன் தேர்ச்சி அறிக்கையோடு வந்தான். வாசலில் வைத்தே தாய் கேட்டது, "எத்தனையாம் பிள்ளை?" எங்கள் ஊரில் வேறு கேள்வியே கிடையாது. நான் படித்த காலத்தில் ஒரு தவணை மூன்றாம் பிள்ளையாக வந்தேன். முதலாம் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம், அந்த அரைப் புள்ளிக்கு இரண்டாம் பிள்ளை வீட்டில் அடி வாங்கினான். எனக்கும் அவனுக்கும் நாற்பது புள்ளிக்கு மேல் வித்தியாசம். அப்பாவோ, "இன்னும் ரெண்டு படிதானே" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். சாதாரண தரப் பரீட்சையிலும் இதே கூத்துத்தான்: 74 எடுத்தவளுக்கு பி, 75க்கு ஏ, 100க்கும் அதே ஏ.

யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் வரிசைக்குத் தெரியும், எவ்வளவு தூரம் என்பது தெரியாது. உன் 1 முதல் 5 வரையும் இதே மாதிரி வரிசைதான். இடை எடுக்கிறவர் எல்லாத் தூரமும் சமம் என்று தானே முடிவுகட்டிவிடுகிறார். 1946இல் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் அளவுகளை நான்கு வகையாகப் பிரித்து, கறாராகப் பார்த்தால் வரிசை அளவுக்கு இடை பொருந்தாது என்று எழுதினார், நடைமுறையில் அது பயன் தருவதுண்டு என்றும் அவரே விட்டுக்கொடுத்தார். இந்த 1-5 விடைமுறைக்குப் பெயர் தந்த லிக்கேர்ட் 1932இல் செய்தது பல கூற்றுகளின் விடைகளைக் கூட்டியது, அது வேறு கதை, விடு.

ஆனால் மகள், இடையத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிவிட்டேன் என்றும் நினைக்காதே. பத்துப் பெண்களில் ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 என்று வை. இடை 3. வரிசைப்படுத்தி நடுவில் உள்ள 1ஐயும் 5ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் இடையமும் 3. நடுநிலை! அப்படி ஒருத்தியும் சொல்லவில்லையே. கடன் கட்டமுடியாமல் தோட்டை அடகு வைத்தவளும் அந்தக் காசில் தையல் மெசின் வாங்கித் தலைநிமிர்ந்தவளும் உன் ஆய்வில் ஒரே ஆளாகி, அந்த ஆளுக்குக் கருத்தே இல்லாமல் போய்விடுகிறது. வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேட்டதெல்லாம் இதற்காகவா?

அதனால் அட்டவணையில் ஐந்து நிரலையும் போடு. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று மீடிறனை எழுது, பக்கம் கூடினால் கூடட்டும். இடையத்தை அதற்குக் கீழே எழுது. 3.46 கட்டாயம் வேண்டுமென்றால் அடிக்குறிப்பில் கிடக்கட்டும். பதில் சொல்லாமல் விட்டவர்களைத் தனியாக எண்ணிப் போடு. அவர்களுக்கு 3 என்று போட்டு வைத்திருந்தால், இந்தக் கடிதத்தை மூடிவிட்டு முதலில் போய் அதைத் திருத்து.