1971 போரில் இருந்த தாத்தாவின் கடிதங்களில் ஊர்ப் பெயர் இல்லாமல் '99 ஏ.பி.ஓ.' என்று மட்டும் இருப்பது ஏன்?

அது ஊர் இல்லை, ராணுவத் தபாலுக்கான பொது முகவரி. படை எங்கே நிற்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது. அதனால் வீட்டார் படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, 99 ஏ.பி.ஓ. என்று மட்டும் எழுதுவார்கள். ஒரத்தநாட்டில் போட்ட கடிதம் கல்கத்தாவில் உள்ள ராணுவத் தபால் தளத்துக்குப் போய், அங்கே படைப்பிரிவு வாரியாகப் பிரிந்து, களத் தபால் நிலையம் வழியாகக் கைக்குச் சேரும். படை நகர்ந்தாலும் முகவரி மாறாது. 56 ஏ.பி.ஓ. என்றால் டெல்லி வழி.

கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். முத்திரையில் எஃப்.பி.ஓ. என்று ஓர் எண் தெரிந்தால் அது களத் தபால் நிலையத்தின் எண்; அவர் இருந்த பகுதியைத் தேட அது உதவும்.

தேதியையும் பாருங்கள். போர் நடந்தது டிசம்பர் 3 முதல் 16 வரை. நம் பக்கம் சம்பா வயலில் நிற்கும் நேரம். எங்கள் பெரியப்பாவின் கடிதத்தில் போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'கதிர் வந்துவிட்டதா, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா' என்றுதான் கேட்டிருந்தார். அப்பத்தா அதைக் கடைசிவரை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்.