சார்ட்டில் மாட்டிய விதி பிள்ளைகளிடம் எப்போது வரும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் 22 பிள்ளைகள். முதல் நாளே 14 வகுப்பறை விதிகளைச் சார்ட்டில் எழுதி மாட்டினேன் (நகல் இணைத்திருக்கிறேன்). ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கூட வேலை பார்ப்பவர், "கையில் குச்சி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வெளியே போய்விடுகிறான். எனக்குக் கண்டிப்பே வராதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, நீலகிரி

பதில்: அன்புள்ள டீச்சர்,

குச்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குச்சியால் வரும் அமைதி நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பும்வரைதான். அடிக்குப் பயந்த பிள்ளை பள்ளிக்கு வராமலே நின்றுவிடும். அப்படி நின்ற பிள்ளையை லயன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் போய்க் கெஞ்சிக் கூட்டிவருவது எவ்வளவு பாடு என்று உங்கள் தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

உங்களுக்குக் கண்டிப்பு வரவில்லை என்பதெல்லாம் இல்லை. அந்த விதிகளை நீங்கள் இன்னும் நடத்தவில்லை, அவ்வளவுதான். கடன் வாங்கிக் கழித்தலைச் சார்ட்டில் எழுதி மாட்டிவிட்டு, இனி எல்லாரும் போடுங்கள் என்று விட்டுவிடுவோமா? போட்டுக் காட்டுவோம், கூடவே போடுவோம், தப்பு வந்தால் மறுபடி போடச் சொல்வோம், அடுத்த வாரம் திருப்புதல் வைப்போம். விதிக்கும் இவ்வளவும் வேண்டும். எவர்ட்சன், எம்மர், ஆண்டர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைப் பள்ளி திறந்த நாளிலிருந்து உட்கார்ந்து கவனித்து, 1980-இல் அதை எழுதினார்கள். வகுப்பு நன்றாக நடந்த ஆசிரியர்களிடமும் விதிகள் இருந்தன, தடுமாறியவர்களிடமும் இருந்தன. நன்றாக நடத்தியவர்கள் முதல் சில வாரங்களில் அந்த விதிகளை விளக்கி, செய்துகாட்டி, பழக்கி, ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

ஜூன் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் புதிதாகத் தொடங்குங்கள்.

உங்கள் 14 விதிகளையும் படித்தேன். முக்கால்வாசி "கூடாது" என்று முடிகிறது. "ஒழுங்கீனமாக நடந்துகொள்ளக் கூடாது" என்பதைப் படிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு, சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக நான்கு போதும். பேச வேண்டுமென்றால் கை தூக்குவோம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம். வகுப்புக்குள் நடந்து போவோம். அடுத்தவர் பொருளைக் கேட்டு எடுப்போம். இதையும் நீங்களே எழுதிக்கொண்டு போகாதீர்கள். "வகுப்பில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பென்சிலைப் பிடுங்குவது, தள்ளிவிடுவது, சத்தம் என்று அவர்களே கொட்டுவார்கள். அதிலிருந்தே விதி வரட்டும். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் பிள்ளை அதைப் படுக மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். புரிந்ததா இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும்.

"தாமதமாக வரக் கூடாது" என்ற விதியை எடுத்துவிடுங்கள். பஸ் வரவில்லை என்றாலும், தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நின்றாலும் பிள்ளை என்ன செய்யும்? பிள்ளை காத்திருந்து வருவதுதான் நல்லது. தாமதமாக வந்தால் சத்தமில்லாமல் எப்படி உள்ளே வந்து உட்காருவது என்று சொல்லிக்கொடுங்கள். அது போதும்.

இனி, ஒரே ஒரு விதியை எப்படி நடத்துவது என்று பார்ப்போம். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பெய்யும். மேலே தகரம் என்றால் உங்கள் குரல் மூன்றாவது வரிசைக்குக்கூடப் போகாது. கத்திப் பிரயோஜனமில்லை, கைச் சைகைதான் வேண்டும். அறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் அங்கேயே நின்று வலது கையைத் தூக்குங்கள். பார்த்த பிள்ளை தானும் கையைத் தூக்கி, வாயை மூடி, உங்களைப் பார்க்க வேண்டும். எதற்காக இது என்று முதலில் சொல்லுங்கள். பிறகு இரண்டு பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். தப்பாகச் செய்வது எப்படி என்பதை நீங்கள் நடித்துக் காட்டுங்கள்: கை மேலே, வாய் மட்டும் பக்கத்துப் பிள்ளையிடம். விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்புறம் எல்லாரையும் வேண்டுமென்றே சத்தமாகப் பேசச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்குங்கள். முதல் வாரம் தினமும் நாலைந்து தடவை இப்படிப் பழக்குங்கள். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: கடைசிப் பிள்ளை அடங்கும்வரை பாடத்தை ஆரம்பிக்காதீர்கள். சத்தத்துக்கு மேலே பேச ஆரம்பித்துவிட்டால், டீச்சர் கை தூக்கினாலும் பேசலாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

காலையில் ஈரக் குடையோடு வந்து நுழைவதையும் இதே மாதிரிப் பழக்கலாம். குடையை வராந்தாவில் எங்கே வைப்பது, ரெயின்கோட்டை எந்த ஆணியில் மாட்டுவது, பூட்ஸை எங்கே கழற்றுவது என்று மழை இல்லாத ஒரு நாளிலேயே காய்ந்த குடையை வைத்து ஒத்திகை பாருங்கள். காலைச் சண்டையில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கும்.

உங்கள் அறையில் இரண்டு வகுப்புகள். நான்காம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது ஐந்தாம் வகுப்பு கணக்கை முடித்துவிட்டுச் சும்மா இருந்தால் சத்தம் வரத்தான் செய்யும். முடித்தவர் அடுத்து எதை எடுக்கலாம் என்று பழக்கி வையுங்கள்: வாசிப்புப் புத்தகம், படம் வரைதல், பக்கத்துப் பிள்ளைக்கு உதவி. வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்த ஜேக்கப் குனின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-இல் சொன்னதும் இதை ஒட்டித்தான். தப்பு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் நல்ல ஆசிரியருக்கும் திணறும் ஆசிரியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். முழு அறையின் மேலும் கண் வைத்திருப்பதிலும், பிள்ளைகளை வேலையில் வைத்திருப்பதிலும்தான் வித்தியாசம் தெரிந்தது.

விதியை மீறினால்? ஓடி வந்தவன் திரும்பிப் போய் நடந்து வரட்டும். தட்டிக் கொட்டியவள் துடைக்கட்டும். பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்லுங்கள். பி.டி. பீரியடை மட்டும் வெட்டாதீர்கள். சரியாகச் செய்தால் "நல்ல பிள்ளைகள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "கை தூக்கினதும் எல்லாரும் நிறுத்திட்டீங்க" என்று செய்ததையே சொல்லுங்கள்.

சொல்லாமல் எழுந்து போகும் அந்த ஜார்க்கண்ட் பையன் அடங்காதவன் என்று எனக்குத் தோன்றவில்லை. அனுமதி கேட்கும் வார்த்தை அவனுக்குத் தமிழில் தெரியாமல் இருக்கலாம். "வெளியே போகணும்", "தண்ணி வேணும்", "புரியல" - இந்த மூன்றையும் முதலில் சொல்லிக்கொடுங்கள். வாய் வரும்வரை ஒரு விரல், இரண்டு விரல் என்று சைகையும் இருக்கட்டும். அவனுக்குத் துணையாக ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்படியும் அவன் எழுந்து போனால், எந்த நேரத்தில், எந்தப் பாடத்தின்போது போகிறான் என்று இரண்டு வாரம் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே யோசிப்போம்.