வீட்டை அடமானம் வைக்கும் முன், உங்கள் மகள் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்

மருத்துவ நுழைவுத்தேர்வை இரண்டு முறை எழுதியும் மதிப்பெண் போதவில்லை, மூன்றாவது முறையும் எழுத வைக்கலாமா, அல்லது பெரியப்பா சொல்கிறபடி கடன் வாங்கி வெளிநாட்டில் ஒரு சீட் பிடித்துவிடலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கடிதம் முழுக்கப் பயம்தான். சொந்தக்காரர்களின் விசாரிப்பு, கூடப் படித்த பிள்ளைகள் எங்கெங்கோ சேர்ந்துவிட்ட செய்தி, பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கும் மகள். கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறார். மூலிகை என்றால் அவளுக்குப் பைத்தியமாம். இந்த இலை புற்றுநோயைக் குணமாக்கும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிவிட்டால் போதும், இதை யார் சோதித்தார்கள், எதில் சோதித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாளாம். "அதை விட்டால்தான் படிப்பில் கவனம் வரும்" என்கிறார்.

அம்மா, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லித்தான் தொடங்க நினைத்தேன். ஆனால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். டாக்டராக வேண்டும் என்று தன் வாயால் ஒரு முறைகூடச் சொல்லாத பெண்ணுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் சொந்த நாட்டில் தொழில் செய்ய, பெரும்பாலான இடங்களில் இன்னொரு தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும், அதில் தேறும்வரை அந்தப் பட்டத்தை வைத்து மருத்துவம் பார்க்க முடியாது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை, விருப்பமில்லாத படிப்பில் ஐந்தாறு வருடம் உட்காரப்போவதும் அவர் இல்லை.

பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். அவற்றை நான் மறுபடி வரிசைப்படுத்தப் போவதில்லை. நீங்கள் தொந்தரவாக நினைக்கும் அந்தக் கேள்வி இருக்கிறதே, அதையே வேலையாகச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு மருந்துச் செடிக்குள் என்ன பொருள் இருக்கிறது, அது உடலில் எதையாவது செய்கிறதா, எந்த அளவில் செய்கிறது, எந்த அளவில் விஷமாகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. வேதியியல் வழியாக வந்தால் இயற்கைப் பொருள் வேதியியல் என்பார்கள், பார்மசி வழியாக வந்தால் பார்மகாக்னசி.

நித்தியகல்யாணிப் பூ உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்று தெரிந்து, கனடாவில் ராபர்ட் நோபல் என்பவரின் ஆய்வகத்தில் 1950களில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகப் போட்ட எலிகள் கிருமித்தொற்றால் செத்தன. ஏன் என்று பார்த்தபோது அவற்றின் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுக்களைக் குறைக்கிறது என்றால் ரத்தப் புற்றுநோயில் பயன்படுமே என்று யோசித்தார்கள். சார்ல்ஸ் பியர் என்ற வேதியியலாளர் அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார், அதுதான் வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கப்படுகிறது. செடி நல்லது என்று சொன்னது மரபு. எந்த நோய்க்கு, எந்தப் பொருள், எவ்வளவு என்று சொன்னது ஆய்வகம். மரபு சொன்ன நோய் ஒன்று, மருந்து கிடைத்த நோய் வேறு என்பதையும் உங்கள் மகள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து, பின்னால் புற்றுநோய் மருந்தான டாக்ஸால் என்ற பொருளைப் பிரித்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இரண்டு பேரின் குழு. காம்ப்டோதெசின் என்ற, புற்றுநோய்க்கு எதிரான இன்னொரு பொருளை 1966இலேயே கண்டுபிடித்ததும் இவர்கள்தான். இந்த வானி மகாராஷ்டிராவின் நந்தூர்பாரில் பிறந்து, பம்பாயில் வேதியியல் படித்தவர். மருத்துவர் இல்லை. அவர் பிரித்த பொருள் எத்தனை மருத்துவர்கள் கையில் எத்தனை நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இனி கொஞ்சம் உங்கள் மகளிடமே பேசுகிறேன். இந்த வேலை நாள்தோறும் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகும் ஆசை இருக்கிறதா என்று அவள் பார்க்கட்டும்.

செடியைப் பறிப்பதிலிருந்தே வேலை தொடங்கிவிடுகிறது மகளே. பூவும் காயுமாக ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் காட்டி இனம் உறுதி செய்து, உலர்ந்த செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்தில் எண்ணோடு வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் நீ என்ன கண்டுபிடித்தாலும் எந்தச் செடியில் கண்டுபிடித்தாய் என்று நிரூபிக்க முடியாது. பிறகு நிழலில் உலர்த்தி, பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிடேட், மெத்தனால், தண்ணீர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கரைப்பான்களில் சாறு இறக்குவாய். கரைப்பானை ஆவியாக்கினால் குடுவையின் அடியில் கரும்பச்சையாக ஒரு பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் நூற்றுக்கணக்கான பொருட்கள். அதைத்தான் புற்றுநோய்ச் செல்கள் மேல் விட்டுப் பார்ப்பார்கள்.

செல்கள் 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் வளரும். மார்பகப் புற்றுநோய்க்கு எம்சிஎஃப்-7, கருப்பை வாய்க்கு ஹீலா என்று வகை வகையாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்று அவற்றுக்குத் தெரியாது, ஊட்டக்கரைசலை மாற்றியாக வேண்டும். 96 குழிகள் உள்ள தட்டில் செல்களை விட்டு, சாற்றை வெவ்வேறு அளவில் சேர்த்து, ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் நிற உப்பைச் சேர்ப்பாய். உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குச் செல்கள் செத்திருக்கின்றன, அல்லது வளராமல் நின்றிருக்கின்றன என்று கணக்கு. அந்த ஊதாவைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் சாற்றின் அளவுக்குப் பெயர் ஐசி50.

இங்கேதான் நல்ல மாணவியும் அவசரக்காரியும் பிரிகிறார்கள். செடிச் சாற்றில் இயல்பாகவே இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற பொருட்கள், செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லை உயிரோடு இருக்கிறதாக நினைத்துவிடுவாய். அதனால் செல் இல்லாமல் சாறு மட்டும் உள்ள குழிகள் வேண்டும், சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழிகள் வேண்டும், ஒப்பிட டாக்சோரூபிசின் போல ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மருந்து வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அதே சாற்றைச் சாதாரணச் செல்களிலும் சோதிக்க வேண்டும். புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை, சோப்புத் தண்ணீர்கூடக் கொல்லும். நல்ல செல்லை விட்டுவைக்கிறதா என்பதுதான் கேள்வி. அளவும் அப்படித்தான். கச்சாச் சாறு என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால்தான் மேலே பார்க்கலாம் என்பது இந்தத் துறையில் பலரும் ஒப்புக்கொண்ட கணக்கு. 500 மைக்ரோகிராமில் செல் செத்தது என்று எழுதிவிட்டு "புற்றுநோய் எதிர்ப்பு மூலிகை" என்று தலைப்பு வைத்தால், அதுதான் நாளைக்கு உன் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும்.

நல்ல சாறு கிடைத்தால் அதைக் குரோமட்டோகிராபி என்ற பிரிக்கும் முறையில் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் மறுபடி செல்லில் சோதித்து, வேலை செய்கிறதை மட்டும் மேலும் பிரித்து, கடைசியில் மில்லிகிராம் கணக்கில் ஒரு தூய பொருள். அதன் அமைப்பை என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவிமுறைகள் சொல்லும். பல சமயம் அது நாற்பது வருடம் முன்பே யாரோ எழுதிவிட்ட பொருளாக இருக்கும், அப்போதும் மனம் விட்டுவிடாமல் அடுத்த பிரிவை எடுக்கத் தெரிய வேண்டும்.

உங்கள் மகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி ஆள் சேர்க்கும் கல்லூரி எதுவானாலும் நம்ப வேண்டாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1980களின் தொடக்கம் வரை பல்லாயிரம் தாவர மாதிரிகளைச் சோதித்தது. அதிலிருந்து மருந்தாகி நிலைத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்ஸாலுக்கே பட்டை சேகரித்ததிலிருந்து மருந்தாக அனுமதி கிடைத்த 1992 வரை முப்பது வருடம் ஆனது. மஞ்சளில் உள்ள குர்க்குமினை எடுத்துக்கொள்ளுங்கள், 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்த பிறகும், முறையாக மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த பரிசோதனை எதுவும் வெற்றி பெறவில்லை என்று 2017இல் வந்த ஓர் அலசல் சொன்னது. "இல்லை" என்ற பதிலையும் ஆதாரத்தோடு எழுதத் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும், அவள் இரவில் தேடிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

அப்போது சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதும்தான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயர் ஒத்துப்போனதால் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட்டது, அது நம் ஆடுதின்னாப்பாளைக்கு நெருங்கிய உறவுச் செடி. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். இந்தத் தவறைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை. மூலிகை மருந்து, சத்து மாத்திரை, அழகு சாதனம், உணவு தயாரிக்கும் நிறுவனங்களின் தரப் பரிசோதனைக் கூடங்கள், மருந்து நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகள், ஒப்பந்த ஆய்வகங்கள், காப்புரிமை அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும், கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் கையில் பழகியவர்கள் தேவை. ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் அந்தக் கைப்பழக்கம் வீணாகாது. ஆரம்பச் சம்பளம் மருத்துவரோடு போட்டி போடாது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கடன் இல்லாமல் தொடங்கும் சம்பளம் முழுதாக வீட்டுக்கு வரும்.

படிப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளநிலையில் சாதாரண வேதியியல் போதும், தாவரவியல் துணைப்பாடமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பி.பார்மும் நல்ல வழிதான். பெயரில் நானோ, ஜீனோம் என்று அடுக்கிவிட்டுக் கட்டணத்தை ஏற்றி வைத்திருக்கும் புதுப் படிப்புகள் வேண்டாம், செலவு செய்வதாக இருந்தால் முதுநிலைக்கு, நல்ல கருவிகள் உள்ள இடத்துக்குச் செய்யுங்கள். முனைவர் பட்டம் உதவித்தொகை இல்லாமல் செய்யக் கூடாது. கையிலிருந்து காசு போட்டு ஆராய்ச்சி செய் என்று ஒரு வழிகாட்டி சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். எச்பிஎல்சி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். மாணவர்கள் தாங்களே அதை ஓட்டுகிறார்களா, போன மாதம் யார் ஓட்டினார்கள், பதிவேட்டைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். செல் வளர்ப்பு அங்கேயே நடக்கிறதா, இல்லை சாற்றைக் காசு கொடுத்து வெளியே அனுப்பி முடிவை வாங்கி ஆய்வேட்டில் ஒட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம், அவளைக் கேட்க விடுங்கள்.

மூன்றாவது முறை தேர்வு எழுதுவதா என்பதையும் அவளிடமே கேளுங்கள், பெரியப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. எழுதுகிறேன் என்று அவளே சொன்னால் எழுதட்டும், வேதியியலில் சேர்ந்துகொண்டே எழுதலாம், ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் கோச்சிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள், வீட்டுப் பத்திரத்தையும் அது இருந்த இடத்திலேயே வையுங்கள். இளநிலைச் சேர்க்கைகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, அதனால் இந்தப் பேச்சை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.