வாசகர் கேள்வி – பதில்: மீன் தொட்டிக்குள் ஒரு பச்சோந்தி

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மூத்த பேரன் பச்சோந்தி வளர்க்கிறான். அதைக் கைத்தொலைபேசியில் பார்த்த இளைய பேரன், எங்கள் கிளுவை வேலியில் இருந்த ஒன்றைப் பிடித்து மீன் தொட்டிக்குள் விட்டிருக்கிறான். இரண்டு நாட்களாக அது தண்ணீர்ச் சிரட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பச்சை போய்க் கறுத்துவிட்டது. அதற்கு நஞ்சு உண்டு என்று அயலவர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கொடிகாமம்

பதில்: பச்சோந்திக்கு நஞ்சு கிடையாது, அம்மா. பிடித்தால் வாயைப் பிளந்து சீறும், சில வேளை கடிக்கும், அவ்வளவுதான். முதலில் அது பச்சோந்திதானா என்று பாருங்கள். வேலியில் ஓடும் பச்சை ஓணானையும் நம்மில் பலர் அப்படியே அழைக்கிறோம். ஓணான் விறுவிறென்று ஓடிவிடும். பச்சோந்தியோ காற்றில் அசையும் இலைபோல முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் ஓர் அடி வைக்கும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் குறடுபோலக் கிளையைக் கவ்வும். ஒரு கண் உங்களைப் பார்க்க, மற்றக் கண் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிரட்டையை அது பொருட்படுத்தாததில் வியப்பில்லை. பனியும் மழையும் இலையில் விட்டுச்செல்லும் துளிகளை நக்கிப் பழகிய பிராணிக்குத் தேங்கிய நீர் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. ஆகவே அதை நிழலில், இலையுள்ள ஒரு கிளையில் ஏறவிட்டு, தெளிக்கும் போத்தலால் இலைகளை நனைத்துவிட்டு எல்லோரும் விலகி நில்லுங்கள். சற்று நேரத்தில் நக்கத் தொடங்கும். வாயைத் திறந்து நீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும் என்று நாம் படித்தது பாதிதான் உண்மை. அச்சம், வெப்பநிலை, இன்னொரு பச்சோந்தியின் வருகை ஆகியவையே அதன் நிறத்தைப் பெரிதும் மாற்றுகின்றன. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரியென்று எண்ணி அது கறுத்திருக்கவும் கூடும்.

பின்னர், பொழுதுபடுவதற்கு முன்பே, பிடித்த அதே வேலியில் விடச் சொல்லுங்கள். அண்ணன் வளர்க்கலாம், தான் வளர்க்கக் கூடாதா என்று பிள்ளை கேட்பான்; கேள்வி நியாயமானதே. அண்ணனிடம் இருப்பது பெரும்பாலும் யேமன் நாட்டு இனத்தில், வளர்ப்பிடத்தில் பொரித்த குஞ்சாக இருக்கும். வேலியில் இருந்ததோ காட்டுயிர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் அதைப் பிடித்து வைத்திருக்க இடந்தருவதில்லை. வேலியில் அது தத்துவெட்டி பிடிப்பதைத் தினமும் போய்ப் பார்க்க எந்தச் சட்டமும் தடையில்லை.

கேள்வி: எங்கள் யேமன் பச்சோந்தி பெண், வயது ஒன்று, துணை இல்லை. ஒரு வாரமாக உணவை ஒதுக்கிவிட்டுக் கூண்டின் அடியைப் பிறாண்டுகிறது. சாளரத்து வெயில் படுவதால் தனி விளக்கு வைக்கவில்லை.
– ஒரு தாய், ரொறன்ரோ

பதில்: அது முட்டையிட இடம் தேடுகிறது. இந்த இனத்துப் பெண்கள் துணை சேராமலே முட்டையிடும். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய வாளியொன்றை இன்றே கூண்டுக்குள் வைத்து, தோண்டும்போது ஆட்கள் தெரியாதபடி கூண்டைத் துணியால் மறையுங்கள். பார்ப்பவர் இருந்தால் தோண்டுவதைப் பாதியில் விட்டுவிடும். கண்ணை மூடியபடி பகலில் சோர்ந்து கிடந்தால் முட்டை உள்ளே தங்கிவிட்டதென்று கருதி, ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டுசெல்லுங்கள்.

விளக்கைத் தவிர்த்ததுதான் எனக்குப் பெரிய கவலை. உடலில் விற்றமின் டி உருவாக்கும் புற ஊதாக் கதிர் சாளரக் கண்ணாடியைக் கடந்து வராது. அந்த விற்றமின் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடலில் ஏறாது, முட்டைக்கு வேண்டியதை உடல் எலும்பிலிருந்தே எடுக்கும், கால்கள் வளைந்துபோகும். ஊர்வனவற்றுக்கென விற்கும் புற ஊதா விளக்கை நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரம் எரியவிடுங்கள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் குறித்த காலத்தில் அதை மாற்றுங்கள். சில்வண்டுகளைச் சுண்ணாம்புச்சத்துத் தூளில் புரட்டிக் கொடுங்கள். குளிர்காலத்தில் வெப்பமூட்டி காற்றை வறளச் செய்யும், ஆகவே காலையும் மாலையும் இலைகளில் நீர் தெளியுங்கள். கழிவில் வெண்மையாக இருக்க வேண்டிய பகுதி செம்மஞ்சளாகத் தெரிந்தால் தெளிப்பது போதவில்லை.